திருத்தம் வந்து சேராத ஊர்

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அடுத்தடுத்த ஆண்டுகளில் நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கத்துப் பிள்ளைகள் கைக்கும் வந்து சேர்ந்தது. மிளகாய் வத்தலும் உளுந்தும் கரிமூட்டமும்தான் வரும்படி என்றிருந்த மானாவாரிக் கரிசலில் ஒரு கணினி வீட்டுக்குள் நுழைந்தது சின்ன விஷயமில்லை. அந்த ஆண்டுகளில் வந்த பெட்டிகளைத் திறந்தவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். பொத்தானை அழுத்தியதும் எதில் நுழையப் போகிறாய் என்று கேட்டு ஒரு திரை வரும். ஒன்று விண்டோஸ் 7, இன்னொன்று பாஸ் லினக்ஸ். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் 2007 ஜனவரியில் வெளியிட்ட இந்திய லினக்ஸ்தான் பாஸ். தமிழிலேயே மெனு காட்டும், தமிழ் எழுதவும் வசதி உண்டு. ஆனாலும் பெரும்பாலான பிள்ளைகள் விண்டோஸோடு நின்றுகொண்டார்கள். பலர் கடையில் கொடுத்து பாஸை அழித்து, அந்த இடத்தைப் படம் சேர்த்து வைக்க எடுத்துக்கொண்டார்கள். பாஸை விட்டுவைத்தவர்களிடமும், கற்றுக்கொடுக்க வந்தவர்களிடமும் ஒரு பேச்சு அடிக்கடி வரும்: ‘லினக்ஸுக்கு வைரஸ் வராது.’ அந்தக் காலத்தை இன்று நினைக்கும்போது, அந்தப் பேச்சுதான் முதலில் விசாரிக்கப்பட வேண்டியது என்று எனக்குத் தோன்றுகிறது. அது முழுப் பொய்யில்லை. அதனால்தான் அவ்வளவு காலம் யாரும் அதைக் கேள்வி கேட்கவில்லை.

யூனிக்ஸ் குடும்பத்தின் பாதுகாப்புப் பெருமைக்கு ஆதாரம் உண்டு. ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்ற தேவையில் வளர்ந்தது அது. ஆகவே இன்னாருடைய கோப்பை இன்னார்தான் திருத்தலாம், முழு அதிகாரம் ரூட் ஒருவருக்கு மட்டுமே என்ற ஏற்பாடு ஆரம்பத்திலேயே உள்ளே இருந்தது. ஆனால் வெளியிலிருந்து வரும் எதிரியை மனதில் வைத்து அது கட்டப்படவில்லை. பெல் ஆய்வகத்தில் அதை உருவாக்கியவர்களில் ஒருவரான டென்னிஸ் ரிட்சியே 1970களில் இதை எழுதி ஒப்புக்கொண்டிருக்கிறார். 1979இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்சனும் யூனிக்ஸ் பயனர்களின் 3,289 கடவுச்சொற்களைச் சேகரித்துப் பார்த்தார்கள். அவற்றில் 86 சதவீதம் சுலபமாகக் கண்டுபிடிக்கக்கூடியவை. ஓரெழுத்து, ஈரெழுத்துச் சொற்கள்கூட இருந்தன. பூட்டு நல்ல பூட்டுதான், சாவியை வைத்திருந்த ஆட்கள் அப்படி. ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1988 நவம்பர் 2 அன்று இணையத்தின் முதல் பெரிய புழுவை யூனிக்ஸ் கணினிகளுக்குள் விட்டவர் அதே ராபர்ட் மோரிஸின் மகன், ராபர்ட் டாப்பன் மோரிஸ். தகப்பனார் எச்சரித்த கடவுச்சொல் பலவீனமும் அந்தப் புழு நுழைந்த வாசல்களில் ஒன்று.

இன்னொரு வாசலைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம். பழைய யூனிக்ஸில் ஃபிங்கர் என்றொரு சேவை உண்டு. இந்தக் கணினியில் இன்னார் இருக்கிறாரா என்று வெளியூரிலிருந்து கேட்டால் பதில் சொல்லும். வரும் கேள்வியை வாங்கி வைக்க நினைவகத்தில் 512 பைட் இடம் ஒதுக்கியிருந்தார்கள். ஒரு மனிதரின் பெயரைக் கேட்க அது தாராளம். ஆனால் கேள்வியை வாங்கும் வேலையைச் செய்தது சி மொழியின் கெட்ஸ் என்ற செயற்கூறு. எத்தனை எழுத்து வருகிறது என்று அது எண்ணாது. வரி முடியும்வரை வாங்கிக் கொட்டிக்கொண்டே இருக்கும். புழு அனுப்பியது 536 பைட். இடத்துக்குள் அடங்காமல் வழிந்த 24 பைட் அடுத்திருந்த இடத்தில் விழுந்தது. வேலை முடிந்ததும் நிரல் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரி எழுதி வைத்திருந்த இடம் அது. அங்கே புழு தன் முகவரியை எழுதிவிட்டது. பதில் சொல்லிவிட்டு வந்த வழியே திரும்ப வேண்டிய நிரல், புழு கொண்டுவந்த கட்டளைகளை நிறைவேற்றப் போய்விட்டது. இதில் கடவுச்சொல்லும் வேண்டாம், பயனர் எதையும் திறக்கவும் வேண்டாம். வைரஸ் என்றால் யாரோ தவறுதலாகச் சொடுக்கிய கோப்பு என்று நினைப்பவர்களுக்கு இந்த வேறுபாடு முக்கியமானது. இவ்வளவு பட்டும் கெட்ஸ் சி மொழியின் அதிகாரபூர்வ வரையறையிலிருந்து நீக்கப்பட்டது 2011 டிசம்பரில்தான். தமிழ்நாட்டில் மடிக்கணினி கொடுக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

‘அதெல்லாம் அந்தக் காலம், இன்றைய லினக்ஸ் வேறு’ என்று சொல்லலாம். வேறுதான், ஆனால் அந்த இன்றைய லினக்ஸுக்குள் பழைய வரிகள் நிறையவே இருக்கின்றன. 2014 செப்டம்பரில் வெளியான ஷெல்ஷாக் ஓட்டை, பாஷ் என்ற கட்டளை நிரலில் 1989 முதல் உட்கார்ந்திருந்தது. 2022 ஜனவரியில் தெரியவந்த, பிகேஎக்ஸெக் என்ற நிரலின் ஓட்டை 2009 மே மாதமே நுழைந்தது. சாதாரணப் பயனர் ஒருவர் நொடியில் ரூட் ஆகிவிட அது போதும். ஒரு ஓட்டை பிறக்கும் நாளும் அது கண்ணில் படும் நாளும் வேறு வேறு, இடையில் பத்து, இருபது ஆண்டுகள் ஓடிவிடலாம். ஆகவே வாங்கிய அன்று ஒரு கணினியில் தெரிந்த ஓட்டை எதுவும் இல்லை என்பது அதைப் பற்றி அதிகம் சொல்லாது. ஓட்டை கண்ணில் படும் அன்று அந்தக் கணினிக்குத் திருத்தம் அனுப்ப ஆள் இருக்கிறார்களா, அனுப்பினால் அது வந்து சேருமா? பழைய இயங்குதளத்தின் ஆபத்து அதன் வயதில் இல்லை, திருத்தம் வந்து சேரும் வழி அறுந்துபோனதில் இருக்கிறது என்று நான் சொல்வதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி 2015 ஜனவரியில் வெளியான கோஸ்ட் என்ற ஓட்டை. லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் சாய்ந்து நிற்கும் ஜிலிப்சி நூலகத்தில், இணையப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் பகுதியில் அது இருந்தது. 2000ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்தே இருந்தது. கவனிக்க வேண்டியது அதுவல்ல. 2013 மே மாதமே அந்தப் பிழை மூல நிரலில் திருத்தப்பட்டுவிட்டது. ஆனால் திருத்தியவர்கள் அதைப் பாதுகாப்புப் பிரச்சினை என்று அடையாளம் காணவில்லை. சாதாரணப் பிழைதிருத்தம் என்றே பதிவானது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பழைய பதிப்புகளுக்கு அனுப்பும் டெபியன் 7 போன்ற லினக்ஸ் வழங்கல்கள் அதை எடுத்துக்கொள்ளவில்லை. ஆக மருந்து தயாராகி ஒன்றரை ஆண்டுக்கு மேல், கோடிக்கணக்கான கணினிகள் அதே நோயோடு ஓடிக்கொண்டிருந்தன. உலகின் பெரிய தரவு மையங்களுக்கே இந்தக் கதி என்றால், நாகலாபுரத்துக் கணினிக்கு என்ன கதி என்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

பாஸ் லினக்ஸ் டெபியனை அடித்தளமாகக் கொண்டது. எனவே டெபியனின் ஆயுள் கணக்கு அதையும் பாதிக்கும். திட்டம் தொடங்கியபோது நடப்பில் இருந்தது 2011 பிப்ரவரியில் வெளியான டெபியன் 6. வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 மே வரை வந்தன. பிறகு தன்னார்வலர்களும் சில நிறுவனங்களும் சேர்ந்து நீட்டித்த ஆதரவு 2016 பிப்ரவரி 29 வரை ஓடியது. அதன் பிறகு அந்தப் பதிப்பு காப்பகத்துக்குப் போய்விட்டது. கணினி பழைய முகவரியில் போய் அப்டேட் கேட்டால் அங்கே ஒன்றும் இருக்காது. இந்தத் தேதிகளோடு நம் பக்கத்து நிலைமையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2012 கடைசியில் வெளி மாவட்டங்களில் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் மின்வெட்டு இருந்தது. இணையம் என்றால் கைப்பேசியில் போடும் டூஜி பேக், அல்லது கணினியில் செருகும் டாங்கிள். எம்பி கணக்குப் பார்த்துச் செலவழித்த காலம். சில நூறு எம்பி அளவுக்கு அப்டேட் இறக்க யார் காசு போடுவார்கள்? பாட்டு, படமெல்லாம் பென்டிரைவில் கைமாறின. பாதுகாப்புத் திருத்தத்தை யாரும் பென்டிரைவில் கேட்கவில்லை. டேட்டா மலிந்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்த பிறகு. டெபியன் 6க்குத் திருத்தம் நின்று அதற்குள் ஆறு மாதம் ஆகிவிட்டது. திருத்தம் வந்த காலத்தில் வழி இல்லை, வழி வந்தபோது திருத்தம் இல்லை. இதில் யாரோ ஒருவரின் அசட்டை என்று சுட்ட எனக்கு மனமில்லை. கொடுப்பதற்குத் திட்டம் இருந்தது, கொடுத்த பின் என்ன என்பதற்கு யார் மனதிலும் திட்டம் இருக்கவில்லை.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. புதியதில்தானே புதிய ஓட்டை வருகிறது என்று தொழில் தெரிந்தவர்கள் அதைத்தான் முதலில் சொல்வார்கள். 2014 ஏப்ரல் 8 அன்று விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு முடிந்தது. அரசுத் துறைகள் பாஸுக்கு மாறலாம் என்று தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை அறிவுறுத்தியதும் அதையொட்டித்தான். அதற்கு ஒரு நாள் முன்பு, ஏப்ரல் 7 அன்று, ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை உலகத்தையே உலுக்கியது. ஓபன்எஸ்எஸ்எல் நூலகத்தின் 1.0.1 வரிசையில் இருந்த பிழை அது. பாதுகாப்பான இணைப்பின் மறுமுனையில் இருக்கும் கணினியின் நினைவகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவி வாசிக்க முடிந்தது. புதிய டெபியன் 7 அதில் சிக்கியது. பழைய டெபியன் 6இல் இருந்தது முந்தைய 0.9.8 வரிசை என்பதால் அது தப்பித்தது. 2021இல் பெரிதாகப் பேசப்பட்ட, சூடோ என்ற நிரலின் ஓட்டையும் 2011 ஜூலையில் சேர்க்கப்பட்ட வரிகளால் வந்தது. டெபியன் 6 அதிலும் தப்பித்தது. அப்படியானால் பழையதைத் தொடாமல் வைத்திருப்பதே மேல் இல்லையா? கேள்வி நியாயமானதுதான். புதிதாகச் சேரும் ஒவ்வொரு வசதியும் புதிய பிழையைக் கூட்டிவரும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஹார்ட்பிளீட் வெளியான அதே நாளில் டெபியன் 7க்குத் திருத்தம் வந்துவிட்டது. இரண்டு ஓட்டைகளில் தப்பித்த டெபியன் 6, மேலே சொன்ன பிகேஎக்ஸெக் ஓட்டையில் தப்பிக்கவில்லை. அது வெளியான 2022இல் டெபியன் 6, 7 இரண்டையும் டெபியன் கைவிட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பழையது ஓரிரு முறை தப்பித்தது தற்செயல். மாட்டிக்கொண்டால் காப்பாற்ற ஆள் இல்லை என்பது தற்செயலில்லை, தேதி குறித்து முன்பே அறிவிக்கப்பட்ட விஷயம்.

அடுத்து, மூல நிரல் எல்லோர் கண்ணுக்கும் திறந்திருக்கிறது, ஆயிரம் கண் பார்க்கும்போது ஓட்டை எப்படித் தங்கும் என்ற வாதம். கட்டற்ற மென்பொருள்மேல் மரியாதை உள்ளவன் என்ற முறையிலேயே இதற்குப் பதில் சொல்ல விரும்புகிறேன். கரிசல் காட்டுக்காரர்களுக்குக் கண்மாயை வைத்துச் சொன்னால் சட்டென்று விளங்கும். கண்மாய் ஊர்ப்பொது. குடிமராமத்து என்ற பெயரில் ஆயக்கட்டுக்காரர்கள் வீட்டுக்கு ஓர் ஆள் வந்து கரையை உயர்த்தி, மடையைச் செப்பனிட்டு, கரம்பையை அள்ளித் தம் காட்டுக்கே கொண்டுபோன காலம் ஒன்று உண்டு. அது தளர்ந்தபோது 1858இல் சென்னை மாகாணத்துக்குச் சட்டம் போட்டுப் பார்த்தார்கள். 2017இல் தமிழக அரசு அதே பெயரில் மறுபடி ஒரு திட்டம் கொண்டுவந்தது. இடைப்பட்ட காலத்திலும் கண்மாய் எல்லோர் கண்முன்னேதான் கிடந்தது. இருந்தும் சீமைக்கருவேலம் மண்டியது. யார் வேண்டுமானாலும் சரிசெய்யலாம் என்ற உரிமையும், யாரோ ஒருவர் சரிசெய்தார் என்ற நிகழ்ச்சியும் ஒன்றல்ல. லினக்ஸில் இதற்குச் சாட்சி டர்ட்டி கவ் ஓட்டை. நினைவகப் பக்கத்தைப் படி எடுத்து எழுத வேண்டிய இடத்தில், இரண்டு வேலைகளை ஒரே நேரத்தில் முட்டவிட்டால், படியில் விழ வேண்டிய எழுத்து மூலத்திலேயே விழுந்துவிடும். வாசிக்க மட்டும் அனுமதியுள்ள கோப்பில் எழுத முடியும். நெடுங்காலமாக லினக்ஸின் மையமான கெர்னலில் இருந்த அது, தாக்குதலில் பயன்படுத்தப்பட்ட பிறகுதான் 2016 அக்டோபரில் வெளியே தெரிந்தது. அதைத் திருத்தியபோது லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய குறிப்பில் ஒரு விஷயம் உண்டு. பதினோரு ஆண்டுக்கு முன்பே இதே பிரச்சினையை அவர் சரிசெய்யப் பார்த்திருக்கிறார். அந்தத் திருத்தம் வேறொரு வகைக் கணினியில் சிக்கல் கொடுத்ததால் திரும்ப எடுக்கப்பட்டிருக்கிறது. ஆயிரம் கண் எதற்கு, லினக்ஸைப் பெற்றவரின் கண்ணிலேயே பட்டது. பட்டும் பதினோரு ஆண்டு கிடந்தது. இதை அவரே எழுதி வைத்ததால்தான் நமக்குத் தெரிகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மூடிய மென்பொருளில் இந்தக் கதை வெளியே வந்திருக்காது. திறந்த நிரலின் நிஜமான மேன்மை அதுதான் என்று நினைக்கிறேன், ஓட்டை இல்லாததல்ல.

கடைசியாக, நாகலாபுரத்துப் பிள்ளையின் கணினியை யார் வந்து தாக்கப் போகிறார்கள் என்ற கேள்வி. கேட்பவர்கள் தாக்குபவனை, ஆள் பார்த்து வீடு பார்த்து வருகிற திருடனாக நினைக்கிறார்கள். 1988 புழுவே ஆள் பார்த்து நுழையவில்லை. 2017 ஜூலை கடைசியில் இந்தியாவின் பல பகுதிகளில் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் மோடங்கள் திடீரென்று முடங்கின. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாத கருவிகளைத் தேடிப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் பிரிக்கர்பாட் என்ற நிரலின் வேலை அது. கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்று நிறுவனம் வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டது. இத்தகைய மோடங்களுக்குள் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ்தான், வாங்கிய நாளிலிருந்து யாரும் அப்டேட் செய்யாத லினக்ஸ். அதே ஆண்டு செப்டம்பரில், டர்ட்டி கவ் ஓட்டையைப் பயன்படுத்தி ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ரூட் அதிகாரம் பிடிக்கும் ஸ்னியு என்ற தீநிரலை ட்ரெண்ட் மைக்ரோ கண்டறிந்தது. நாற்பதுக்கு மேற்பட்ட நாடுகளில் பரவிய அதற்குப் பலியானவர்களில் பெரும்பாலோர் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள். காசு திருடும் அதன் குறுஞ்செய்தித் தந்திரம் சீன நிறுவன இணைப்புகளில்தான் பலித்தது. மற்ற நாட்டுக் கைப்பேசிகளில் பின்வாசல் மட்டும் திறந்தபடி நின்றது. அந்த ஓட்டைக்கு கூகுள் 2016 டிசம்பரிலேயே ஆண்ட்ராய்டு திருத்தம் கொடுத்துவிட்டது. கைப்பேசி தயாரித்தவர் அதை அனுப்பியிருந்தால், விலை மலிந்த மாடலுக்கும் அனுப்பியிருந்தால், கதை வேறு. லினக்ஸ் வேண்டாம் என்று பாஸை அழித்த அதே வீடுகளில் மோடமாகவும் கைப்பேசியாகவும் கடை வாசலில் கேமராவாகவும் லினக்ஸ் வந்து உட்கார்ந்துவிட்டது. பாஸையாவது பெயர் சொல்லிக் கொடுத்தார்கள்.

பழைய கணினிகளுக்குத் திருத்தம் கொண்டுசேர்க்கப் பணம் யார் தருவது, பழைய கணினியில் புதிய பதிப்பு ஓடுமா என்று கேட்பார்கள். ஓடும், லினக்ஸின் கெட்டிக்காரத்தனமே அதில்தான் இருக்கிறது. 2 ஜிபி நினைவகம் உள்ள கணினியிலும் இலகுவான முகப்போடு நடப்பு டெபியனை ஓட்டலாம். பணம் என்று பார்த்தாலும், 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகளை வாங்கிக் கொடுத்த அரசுக்கு, ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியில் டெபியனின் முழுப் படியை ஒரு வன்தட்டில் வைத்து மாதம் ஒருமுறை புதுப்பிப்பது பெரிய செலவாக இராது. லினக்ஸ் உலகில் மிரர் என்று சொல்லும் அந்த ஏற்பாடு கல்லூரிகளில் வெகுகாலமாக உள்ளது. டேட்டா இல்லாத பிள்ளை பள்ளிக்குக் கணினியைக் கொண்டுவந்தால் கம்பியை மாட்டி இறக்கிக்கொள்ளலாம். டேட்டா மலிந்துவிட்ட இன்றும் அதற்கு வேலை இருக்கிறது, காரணம் பலருக்கு அப்டேட் என்பது தானாக நடக்கும் அல்லது நடக்காமலே போகும் ஒன்று. வருஷத்துக்கு ஒரு நாள் ஊர்க்கணினிகளையெல்லாம் கூட்டிவைத்துப் பதிப்பு மாற்றிக்கொடுக்க, கோவில்பட்டியைச் சுற்றியுள்ள பொறியியல், கலைக் கல்லூரி மாணவர்களே போதும்.

இப்போது மறுபடி மடிக்கணினி வருகிறது. 2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. லினக்ஸ் பக்கத்துக்கு மட்டும் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். டெபியன் 12 வெளியானது 2023 ஜூன் 10. நீட்டித்த ஆதரவையும் சேர்த்தால் அதற்குத் திருத்தம் வருவது 2028 ஜூன் 30 வரை. அதை அடித்தளமாகக் கொண்ட வழங்கல் ஒன்றோடு, 2026இல் பட்டப்படிப்பில் சேரும் மாணவி ஒருத்தி கையில் ஒரு கணினி இருந்தால், அவள் மூன்றாம் ஆண்டில் கால் வைக்கும்போது அந்தத் தேதி தாண்டியிருக்கும். அன்று அந்தக் கணினியை அடுத்த பதிப்புக்கு மாற்றிக் கொடுக்க வேண்டியவர் யார் என்பதை, கணினியைக் கொடுக்கும் நாளிலேயே பெயர் போட்டு எழுதிவைத்தால் நல்லது.